படலில் ஒரு சிவப்புத் துணி

மார்ச் 3, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. அந்தியூர் வரை பேருந்து, அப்புறம் ஒரு மினி ஆட்டோ, அப்புறம் அரை கிலோமீட்டர் நடை. தோளில் துணிப்பை, கையில் நாலு குயர் வெள்ளைத் தாள். தஞ்சாவூர்க் கடைக்காரர் நாலு குயர் போதுமா என்று கேட்டபோது, முதல் பாகத்துக்குப் போதும் என்று சொல்லியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

இரண்டாவது நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொல்ல ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. மூன்று பேட்டிகளில் சொல்லிவிட்டேன். நான் வேலை பார்க்கும் கருவூல அலுவலகத்தில் முதலில் ஆர்வமாகக் கேட்டார்கள், பிறகு கிண்டலாகக் கேட்டார்கள், இப்போது கேட்பதில்லை. இந்த இருபத்தொரு நாள் விடுப்பில் முதல் அத்தியாயமாவது எழுதாவிட்டால் இனி எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை என்று என் மனைவி திலகவதியிடம் சபதம் செய்துவிட்டுக் கிளம்பினேன். அவள் அதைக் கேட்டுவிட்டு, போர்வை எடுத்துக்கொண்டீர்களா என்றாள்.

எழுத்தாளர் குடில் என்பது ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு மேசை. பக்கத்திலேயே கிணறு. அதற்கு அப்பால் அரை ஏக்கர் மிளகாய்த் தோட்டம். தோட்டத்தின் மறுகோடியில் குடிலைப் பார்த்துக்கொள்ளும் மாரப்பனும் அவர் மனைவி துளசிமணியும் இருக்கிறார்கள். நிலம் குடிலை நடத்தும் அறக்கட்டளையுடையது, மிளகாய் அவர்களுடையது. அறக்கட்டளைச் செயலாளர் சாவியையும் ஒரு சிவப்புத் துணியையும் ஆறு பக்க விதிமுறைகளையும் கொடுத்தார். எழுதும்போது வேலி வாசலில் கதவாக இருக்கும் முள் படலில் துணியைப் போட்டுவிட்டால் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள், மற்றதெல்லாம் தாளில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

எல்லாம் சரி. கிணற்று மேட்டில் ஒரு டீசல் இன்ஜின். நான் வந்ததிலிருந்து தடதடதட என்று என் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. அமைதியைத் தேடி நானூறு மைல் வந்தவனுக்கு (சரி, இருநூற்று ஐம்பது கிலோமீட்டர்) இது தேவைதான்.

மார்ச் 4, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே சிவப்புத் துணியைப் படலில் போட்டேன். போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். கம்பீரமாக இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

என்ன ஆச்சரியம், இன்ஜின் சத்தம் இல்லை. பழுதாகிவிட்டது போலிருக்கிறது. கடவுள் இலக்கியத்தின் பக்கம்தான் இருக்கிறார்.

ஆனால் மேசை ஆடுகிறது. ஆடுகிற மேசையில் எப்படி எழுதுவது? காலை முழுவதும் அதற்கே போயிற்று. கடைசியில் அந்த விதிமுறைத் தாள்களை எட்டாக மடித்து இடது பின்காலுக்குக் கீழே செருகினேன். அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்திவிட்டது. ஆறு பக்கம் யார் படிப்பது?

மார்ச் 5, புதன்

மேசை ஆடவில்லை. வேறு காரணம் தேட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

இன்ஜினை இன்னும் சரிசெய்யவில்லை. மேலே சாக்கு போர்த்தியிருக்கிறார்கள். கிராமத்தில் மெக்கானிக் கிடைப்பது கஷ்டம் போல. அவசரம் ஒன்றுமில்லை.

இப்படி ஓர் அமைதியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. துளசிமணி காலையும் மதியமும் தூக்குப்போசியில் சாப்பாட்டைக் கொண்டுவந்து படலுக்கு வெளியே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. கூச்ச சுபாவம். அவர்கள் வீட்டில் ஒரு ரேடியோகூட இல்லை என்று நினைக்கிறேன்.

வீட்டில் இதெல்லாம் நடக்குமா? மிக்ஸி, குக்கர், எதிர்வீட்டு நாய். திலகவதி முன்பு மாலையில் பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து சரளி வரிசையைப் பிய்த்து எறிவார்கள். நான் இரண்டாவது நாவலை ஆரம்பித்த வருஷம் அவளாகவே நிறுத்திவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன்.

மதியம் எழுத உட்கார்ந்தேன். எழுந்தபோது மணி நாலரை. கன்னத்தில் பேனா மூடியின் அச்சு இருந்தது.

மார்ச் 8, சனி

துணியை இரவு படுக்கும்போது எடுத்துக் காலையில் போடுவது வெட்டி வேலையாகத் தோன்றுகிறது. அதற்காகவே சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இனி அது அங்கேயே கிடக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இங்கே செல்போன் சிக்னல் கிடையாது. மேற்கே இருக்கும் பாறைமேல் ஏறினால் இரண்டு கோடு வரும். ஏறி திலகவதியைக் கூப்பிட்டேன். எத்தனை பக்கம் ஆயிற்று என்று கேட்டாள். நாற்பது இருக்கும் என்றேன். எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நாற்பது பக்கம் கிழித்துப் போட்டிருந்தாலாவது பொய்யில் பாதி உண்மை இருந்திருக்கும். கிழிப்பதற்கும் எழுத வேண்டுமே.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்றாள் அவள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேள்வியை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எழுத விருப்பமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒன்றைப் பார்த்தேன்.

பல் தேய்க்க வெளியே வந்தபோது துளசிமணி கிணற்றடியில் கயிறு போட்டு இறைத்துக்கொண்டிருந்தாள். உருளையில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்ததால் சத்தமே இல்லை. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். மிளகாய்ப் பாத்திக்குப் போய் ஒவ்வொரு செடியின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். திரும்பி வந்தாள். மறுபடி இறைத்தாள். மாரப்பனும் மறுபுறம் இரண்டு குடத்தோடு போய்க்கொண்டிருந்தார். இருவரும் ஒரு சொல் பேசவில்லை.

நான் வாயில் நுரையோடு அரை மணி நேரம் நின்றேன். எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் இப்படி மண்ணுக்குத் தண்ணீர் சுமக்கிறான்! இதை விட்டுவிட்டு நான் அரசு அலுவலர் ஒருவரின் மனப் போராட்டம் பற்றி எழுத நினைத்தேனே. மடையன்.

மார்ச் 12, புதன்

தலைப்புகள்: தாகம். குடம். வறண்ட மண். மண்ணின் தாகம். தாகத்தின் குடம்.

ஐந்தாவது வேண்டாம்.

மார்ச் 14, வெள்ளி

எழுதினேன். எழுதினேன். நான்கு பக்கம்.

பேனா நிற்கவில்லை. வானம் பொய்த்த ஊர். ஒரு பெண். அரை ஏக்கர் மிளகாய். தெய்வமும் மழையும் கைவிட்ட பிறகும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றுகிறாள். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் என் கண்ணீர் என் தாளில் விழுவது இதுதான் முதல் தடவை. அழியாத மை வாங்கியிருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்பது பக்கம். நேரில் பார்த்து எழுதுவதால் வரும் பலம் வேறுதான். மேற்குப் பாத்திகளில் இலைகள் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, பூ உதிர ஆரம்பித்திருக்கிறது. கிழக்கில் இன்னும் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ன அழகான முரண்! அப்படியே வைத்துக்கொண்டேன்.

மாரப்பன் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் வாயைத் திறக்கப் போவது போலிருந்தது. படல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், பேசாமல் போய்விட்டார். விதியிடம் வாதாடாத இந்த மௌனத்தை ஆறாம் பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

மேற்குப் பக்கம் முழுதும் காய்ந்துபோனால் அத்தியாயத்துக்கு ஒரு நல்ல முடிவு கிடைக்கும். இதை எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நாட்குறிப்பில் பொய் சொல்லக்கூடாது. இருக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு முதல் அத்தியாயம் முடிந்தது. பதினொரு பக்கம். சபதம் நிறைவேறிவிட்டது. யாரிடமாவது படித்துக்காட்டாமல் இருக்க முடியவில்லை. இரண்டு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் கேட்கக்கூடிய காதுகள் இரண்டு ஜோடிதான். அதில் ஒருத்திதான் என் கதாநாயகி. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

துளசிமணி சாப்பாடு கொண்டுவந்தபோது படலுக்கு வெளியே போய் நிறுத்தினேன். அவள் பதறி, சிவப்புத் துணியைக் கையால் காட்டினாள். பரவாயில்லை அம்மா, உட்காருங்கள், உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். வேலிக்கல்லில் உட்கார்ந்தாள். முழங்கை வரை மண். இடுப்பில் குடம் வைத்த இடத்தில் சேலை நைந்து போயிருந்தது. நான் நின்றுகொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, பதினொரு பக்கமும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் குரல் தழுதழுத்தது. தானாக வந்ததுதான், கொஞ்சம் உதவியும் செய்தேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். முடித்ததும் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நல்லா இருக்குதுங்க. அவ கெணத்துல தண்ணி இல்லீங்களா?"

இருக்கிறது, கயிறு போட்டு இறைக்கிறாளே என்றேன்.

"தண்ணி இருந்தா எதுக்குங்க சொமக்கறா? எஞ்சின ஓட்டிப்போட்டா ஒரு மணி நேரத்துல பாஞ்சுரும்."

அவர்கள் இன்ஜின் பழுது என்று விளக்கினேன். உங்களுடையது மாதிரி.

"எங்களுது பழுதுன்னு ஆருங்க சொன்னது? அது நல்லா ஓடுமுங்க. துணி கெடக்குதுங்களே, அதுக்குத்தானுங்க ஓட்டறதில்ல."

எனக்கு உடனே புரியவில்லை என்று எழுத ஆசை. உடனே புரிந்தது. பதினைந்து நாளும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. எண்ணெய்த் துணி சுற்றிய உருளை, கையில் பிடித்த செருப்பு, ரேடியோ சத்தம் கேட்காத வீடு. இருந்தும் கேட்டேன், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று.

"துணி கெடந்தா பேசக்கூடாதுங்களே. முன்னால வந்தவங்க காலைல ரெண்டு மணி நேரம் போடுவாங்க, அப்பறம் எடுத்துப்போடுவாங்க. நீங்கதானுங்க ராவும் பகலும் எடுக்கவே இல்ல. வெளக்கு வேற எரிஞ்சுக்கிட்டே கெடக்கும். செயலாளருக்குப் போன் போடலாமுன்னுதான் நானுஞ் சொன்னேன். எங்கூட்டுக்காரருதான் வேண்டாமுன்னுட்டாரு. இத்தன வருசத்துல வந்ததுல இவருதான் நெசமா எழுதறவரு, மொளகாய அடுத்த ஆடிப் பட்டத்துல வெச்சுக்கலாம், பொஸ்தகம் பாதில நின்னா மறுக்கா வருமான்னாருங்க."

அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மரியாதையாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அறக்கட்டளை மீது, விதிமுறை மீது, செயலாளர் மீது எதையாவது தூக்கிப் போட்டிருப்பேன்.

"நான் எழுதலம்மா. தூங்கிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினஞ்சு நாளுமுங்களா?"

"அஞ்சு நாள் எழுதினேன்."

அந்த நிலையிலும் அந்த ஐந்து நாளை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை பாருங்கள்.

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். துணியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். நான் எடுத்தேன். பத்து நாளாக வெயிலில் கிடந்ததில் மேல்பக்கம் வெளுத்து, படலின் முள்ளில் மாட்டியிருந்தது. இழுத்ததில் கிழிந்தது. பின்னாலிருந்து மாரப்பன் சாக்கை எடுத்து வீசிவிட்டு இன்ஜினைச் சுற்றும் சத்தம் கேட்டது. அவர் எங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. தடதடதட.

உள்ளே வந்து மேசையைத் தூக்கி விதிமுறைகளை உருவினேன். நான்காம் பக்கம், ஏழாவது விதி. சிவப்புத் துணி தொங்கும் நேரத்தில் இன்ஜின் இயக்கக்கூடாது, எழுத்தாளரிடம் பேசக்கூடாது. அதற்குக் கீழேயே: ஆகவே எழுத்தாளர்கள் தேவைக்கு மேல் துணியைத் தொங்கவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தடித்த எழுத்தில்.

எழுதுவதற்காக வந்தவனுக்குப் படிக்க வராது என்று அறக்கட்டளை எதிர்பார்க்கவில்லை.

என் பதினொரு பக்கத்தில் மழை பொய்த்தது, தெய்வம் கைவிட்டது, விதி விளையாடியது. தோட்டத்தில் பொய்த்தது நான் ஒருவன்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை தேடவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

மாரப்பனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். மடை திருப்பினேன். தண்ணீர் முழுவதும் பாதைக்குப் போயிற்று. அவர் மண்வெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நீங்கள் போய் எழுதுங்கள் என்றார். அவர் கேலி செய்தாரா என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

கிழக்குப் பாத்திகள் நிமிர்ந்துவிட்டன. மேற்கே பிழைக்காது என்கிறார்கள். இன்று பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் பிடுங்கினேன். அந்த வேலை எனக்கு நன்றாக வருகிறது.

மாலை பாறைமேல் ஏறித் திலகவதியைக் கூப்பிட்டேன். நாற்பது பக்கம் பொய் என்றேன். தெரியும் என்றாள். துணி, இன்ஜின், மிளகாய் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். அந்தச் சூட்டிலேயே, பாட்டு வகுப்பை நீ மறுபடி ஆரம்பித்தால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

"யாருக்கு எடுக்கறது? அந்தப் பிள்ளைங்க எல்லாம் வேலைக்குப் போகுது. பவித்ராவுக்குக் கொழந்தை பொறந்து நடக்குது."

புதுப் பிள்ளைகள் வருவார்கள், நீயாகத்தானே நிறுத்தினாய் என்றேன்.

"நானா நிறுத்தல. நீங்க கதவச் சாத்துற சத்தத்துல நிறுத்தினேன்."

கோபமே இல்லை அவள் குரலிலும். என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஏன் இப்படி மெதுவாகப் பேசுகிறார்கள் என்று நான் எத்தனையோ தடவை பெருமையாக நினைத்திருக்கிறேன். மார்ச் 7ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'அவளாகவே நிறுத்திவிட்டாள்' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அடிக்கவில்லை.

போனை வைப்பதற்கு முன், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள்.

மார்ச் 22, சனி

இன்ஜின் ஓடும்போது எழுத முடியவில்லை. இன்ஜின் நின்ற பிறகும் எழுத முடியவில்லை. இன்ஜின்மேல் பழி போட முடியாது என்று உறுதியாகிவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

கிளம்புகிறேன். விதிமுறைகளின் நான்காம் பக்கத்தைப் படலுக்கு நேரே தெரியும்படி சுவரில் ஒட்டிவிட்டேன். அடுத்து வருகிறவரும் என்னைப் போல ஒருவராக இருக்கலாம். மேசைக்காலுக்குக் கீழே என் பதினொரு பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். விதிமுறைகளைவிடத் தடிமன் கூட. மேசை இப்போது கொஞ்சமும் ஆடுவதில்லை.

முதல் அத்தியாயம் இல்லை. சபதப்படி நான் எழுத்தாளன் இல்லை. ஆனால் இன்று காலை ஒரு வரி வந்தது: சிவப்புத் துணியைப் படலில் போட்டுவிட்டு ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். இதற்கு அடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஆட்டோ நிற்கும் இடம் வரை துளசிமணி வந்து ஒரு பை மிளகாய் கொடுத்தாள். பச்சை பாதி, பழம் பாதி. வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. வாங்கிக்கொண்டேன்.

"பாத்துப் போடச் சொல்லுங்க. தண்ணி கொறஞ்ச மொளகாய்க்குக் காரம் சாஸ்தி."

பேருந்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், பை மடியில் இருக்கிறது. பழத்தையெல்லாம் நானே பூண்டு சேர்த்து அரைக்கப் போகிறேன். மிக்ஸியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. திலகவதி அந்தச் சமயம் பாடிக்கொண்டிருந்தால் மட்டும் நிறுத்திவிடுவேன்.